குறட்டையும் நல்லுறக்கமும்

பினாங்குத் தீவின் நடுவே வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் மலைத்தொடருக்குக் கிழக்கே ஜார்ஜ் டவுன் நகரமும் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையும் இரவு பகல் பாராது இயங்கிக்கொண்டிருக்க, அம்மலைக்கு மேற்கே டுரியான் தோப்புகளும் ஜாதிக்காய், கிராம்புத் தோட்டங்களும் நெல்வயல்களும் சூழ அமைந்திருக்கிறது பாலிக் புலாவ். இரவு முதிருமுன்பே ஓசை அடங்கிவிடும் இத்தகைய ஊரில் நித்திரைக்கு இடையூறு வெளியிலிருந்து வருவது அரிது. வீட்டுக்குள்ளிருந்தே, அதிலும் பக்கத்துப் படுக்கையிலிருந்தே அது பெரும்பாலும் வருகிறது. கணவரின் குறட்டையால் மனைவி கூடத்தில் வந்து படுப்பதும், மாமனாரின் குறட்டை சுவரைத் தாண்டிக் கேட்பதும் நம் குடும்பங்களில் சாதாரணமாக நிகழ்பவை. சாதாரணமாக நிகழ்கிற காரணத்தினாலேயே அவற்றை ஆராய்ந்து பார்க்க வேண்டும் என்ற எண்ணம் நமக்கு எழுவதில்லை. குறட்டை எதனால் பிறக்கிறது, எப்பொழுது அது வியாதியின் லட்சணமாகிறது, அதை நீக்க வீட்டிலும் வைத்தியசாலையிலும் உள்ள உபாயங்கள் எவை, அவற்றுள் பிரயோஜனமுள்ளவை எவை என்பவற்றை வரிசையாகப் பரிசீலிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூன்று தவறான அபிப்பிராயங்கள்

குறட்டையைப் பற்றி நம்மவரிடையே மூன்று அபிப்பிராயங்கள் வேரூன்றியுள்ளன. குறட்டை விடுகிறவர் ஆழ்ந்து உறங்குகிறார் என்பது முதலாவது. அப்படிப்பட்டவரைக் கும்பகர்ணன் என்று அழைத்து மகிழ்கிறோம். அது சிரித்துவிட்டு மறந்துவிடத்தக்க விஷயம் என்பது இரண்டாவது. பிறவியோடு வந்த குணம், அதற்குப் பரிகாரம் கிடையாது என்பது மூன்றாவது. மூன்றும் தவறானவை. பலமாகக் குறட்டை விடுகிறவருள் பலர் ஆழ்ந்த உறக்கத்தை எட்டுவதே இல்லை. அவர்கள் இரவெல்லாம் சுவாசத்துக்காகப் போராடுகிறார்கள். காலையில் எழும்போது அந்தப் போராட்டத்தின் களைப்பு மாத்திரம் எஞ்சி நிற்கிறது.

இது எவ்வளவு பரவலான விஷயம் என்பதைச் சில ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. மலேசியாவில் 30 முதல் 70 வயது வரையுள்ளவர்களிடம் நடத்தப்பட்டு 2007இல் வெளியான ஓர் ஆய்வில், ஏறத்தாழப் பாதிப்பேர் வழக்கமாகக் குறட்டை விடுகிறவர்களாக இருந்தனர். உறக்கத்தில் மூச்சு நின்றுபோவதாகச் சொல்லப்பட்டவர்கள் ஏறத்தாழ ஏழில் ஒருவர். சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் நடத்திய நகர்ப்புற, கிராமப்புற நோய்ப்பரவல் ஆய்வின் ஒரு பகுதியாக 2010இல் வெளியான முடிவுகளில், பரிசோதிக்கப்பட்டவருள் 40 சதவீதத்தினர் குறட்டை விட்டனர். மும்பையில் டாக்டர் சரீர் உத்வாடியாவும் அவருடைய சகாக்களும் தங்களை ஆரோக்கியமானவர்களென்று கருதிய நடுத்தர வயது ஆண்களைப் பரிசோதித்து 2004இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு உறக்கத்தில் சுவாசக் கோளாறு காணப்பட்டது. உலகம் முழுவதையும் கணக்கிட்டு 2019இல் வெளியான மதிப்பீடு, 30 முதல் 69 வயதுக்குட்பட்டவருள் 90 கோடிக்கு மேற்பட்டோருக்கு இக்கோளாறு ஏதேனும் ஓர் அளவில் இருக்கலாம் என்று கூறுகிறது.

ஒலி பிறக்கும் விதம்

மூக்கிலிருந்து நுரையீரல் வரை செல்லும் காற்றுப் பாதையில் மூக்குக்கு எலும்பின் ஆதாரம் உண்டு. மூச்சுக்குழலுக்குக் குருத்தெலும்பு வளையங்களின் ஆதாரம் உண்டு. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொண்டைக்கோ தசைகளே ஆதாரம். விழித்திருக்கும்போது அத்தசைகள் விறைப்புடன் நின்று பாதையைத் திறந்து வைத்திருக்கின்றன. உறக்கத்தில் தேகமெங்கும் தசைகள் தளர்வது போல் இவையும் தளர்கின்றன. மல்லாந்து படுத்தால் நாக்கின் அடிப்பகுதி பின்னோக்கிச் சரிந்து பாதையை மேலும் ஒடுக்குகிறது. ஒடுங்கிய வழியே காற்று வேகமாகப் பாயும்போது மெல்லண்ணமும் உண்ணாக்கும் படபடத்து அதிர்கின்றன. அந்த அதிர்வே குறட்டை. இளநீரை மெல்லிய உறிஞ்சுகுழலால் பலமாக இழுக்கும்போது குழலின் சுவர்கள் ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறோம்; தொண்டையும் அவ்வாறே சில வேளைகளில் முற்றிலும் ஒட்டிக்கொள்கிறது. அப்பொழுது குறட்டை ஒலி திடீரென்று நின்றுவிடுகிறது. மார்பும் வயிறும் மூச்சுக்காக முயன்றுகொண்டே இருக்க, உள்ளே காற்றுப் போவதில்லை. ரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. மூளை எச்சரிக்கையடைந்து உறங்குபவரை ஒரு கணம் எழுப்புகிறது. பெருத்த ஓசையுடன் மூச்சு மீள்கிறது. அவர் தாம் விழித்ததை அறிவதில்லை, மீண்டும் உறங்குகிறார், மீண்டும் தொண்டை அடைபடுகிறது.

பத்து வினாடியோ அதற்கு மேலோ மூச்சு நிற்பதையும், வெகுவாகக் குறைவதையும் சேர்த்து, ஒரு மணி நேரத்துக்கு இத்தனை என்று வைத்தியர்கள் கணக்கிடுகிறார்கள். ஐந்துக்குக் கீழிருந்தால் கவலையில்லை. 5 முதல் 15 வரை லேசானது. 15 முதல் 30 வரை நடுத்தரமானது. 30க்கு மேல் கடுமையானது. மணிக்கு முப்பது தடவை என்றால் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு முறை எழுப்பப்படுவதாகும். அவ்வாறு எழுப்பப்படும் மனிதர் எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் உறங்கியவர் ஆகமாட்டார்.

இருவகைக் குறட்டை

ஆகவே குறட்டையை ஒழிக்க முயல்வதற்கு முன் அது எவ்வகையைச் சேர்ந்தது என்று அறிவதே முதற் கடமை. நான் வாசகர்களிடம் வற்புறுத்த விரும்பும் முக்கியமான செய்தியும் இதுவே. இடையறாது ஒரே சீராக வரும் குறட்டை ஒரு வகை. அதனால் வீட்டார்க்குத் தொல்லை உண்டேயன்றி விடுகிறவருக்குப் பெரும்பாலும் அபாயமில்லை. பழக்கங்களைத் திருத்துவதால் அது தணியும். ஓங்கி ஒலித்து, திடீரென்று நின்று, பின் திணறலோடும் பெருமூச்சோடும் தொடங்கும் குறட்டை மற்றொரு வகை. அதுவே உறக்கச் சுவாசத் தடை; அதற்கு வைத்தியரின் உதவி அவசியம். அதனைக் கவனியாமல் விட்டவர்களிடம் ரத்த அழுத்தம், மாரடைப்பு, இதயத்துடிப்பின் ஒழுங்கின்மை, பக்கவாதம், இனிப்புநீர் முதலியன மிகுதியாகக் காணப்படுகின்றன.

இவ்விரண்டையும் வேறுபடுத்திச் சொல்லத்தக்க முதல் சாட்சி, பக்கத்தில் படுத்திருப்பவரே. குறட்டை விடுகிறவர் தம்முடைய நோயைத் தாமே கேட்க இயலாத நிலையில் இருக்கிறார். ஆதலால் வைத்தியரிடம் போகும்போது மனைவியையோ கணவரையோ வளர்ந்த பிள்ளையையோ உடன் அழைத்துச் செல்லுதல் நலம். தனியே வாழ்பவர் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்து கொண்டுபோகலாம். இவற்றோடு பகற்காலத்து அடையாளங்களையும் கவனிக்க வேண்டும்: காலையில் தலைவலி, வாய் உலர்தல், இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுதல், கோயில் பிரசங்கத்திலும் தொலைக்காட்சிக்கு முன்னும் கண் சொருகுதல், காரணமில்லாத எரிச்சல், ஞாபகக் குறைவு. கனடாவின் டொராண்டோ நகரில் மயக்கமருந்து வைத்திய நிபுணர் பிரான்சஸ் சுங் 2008இல் வகுத்தளித்த எட்டுக் கேள்விகள் இன்று உலகெங்கும் வழக்கிலுள்ளன: பலத்த குறட்டை உண்டா, பகலில் களைப்பு உண்டா, மூச்சு நிற்பதைப் பிறர் கண்டதுண்டா, ரத்த அழுத்தம் உண்டா, உடல் மிகப் பருமனா, வயது ஐம்பதுக்கு மேலா, கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேலா, ஆணா என்பன அவை. மூன்றுக்கு ஆம் என்று விடை வந்தால் பரிசோதனை தேவை. ஐந்துக்கு வந்தால் தாமதமே கூடாது.

யாருக்கு மிகுதி

உடற்பருமன் சுவாசத் தடையின் பிரதான காரணம். கழுத்தைச் சுற்றியும் நாக்கின் உள்ளும் சேரும் கொழுப்பு தொண்டையை நெருக்குகிறது. மலேசிய அரசின் 2019ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களுள் சரிபாதியினர் அதிக எடையோ பருமனோ உடையவர்களாக இருந்தனர். இனிப்புநீரைப் பொறுத்தமட்டில் இந்நாட்டு இந்தியர்களே முன்னிற்கிறார்கள். இது நம் சமூகம் கவலையோடு சிந்திக்க வேண்டிய செய்தியாகும். இன்னொன்றும் உண்டு: ஆசிய மக்களின் தாடை அமைப்புச் சற்றுக் குறுகலானது, ஆதலால் ஐரோப்பியரை விடக் குறைந்த எடையிலேயே நம்மவருக்குச் சுவாசத் தடை நேர்கிறது. ஒல்லியாக இருப்பதனாலேயே எனக்கு வராது என்று ஒருவர் நிம்மதி கொள்ளலாகாது. பெண்களைப் பொறுத்தவரை, மாதவிடாய் நிற்கும் பருவத்துக்குப் பின் இக்கோளாறு பெருகுகிறது. ஆனால் குறட்டை விடுவதை ஒப்புக்கொள்ள நம் பெண்கள் நாணுவதால், களைப்பு, தூக்கமின்மை, மனச்சோர்வு என்ற பெயர்களில் அது மறைந்து கிடக்கிறது. தாயின் குறட்டையைத் தந்தையின் குறட்டையைப் போலவே பொருட்படுத்தும் வழக்கம் நம் வீடுகளில் ஏற்பட வேண்டும்.

வீட்டிலேயே செய்யத்தக்கவை

முதலாவது படுக்கும் நிலை. சுவாசத் தடை மல்லாந்து படுக்கும்போது மிகுந்து, ஒருக்களித்துப் படுக்கும்போது குறையும் தன்மை, அத்தடை உள்ளவருள் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் காணப்படுகிறது. தேரையர் என்னும் சித்தரின் பெயரால் வழங்கும் நோயணுகா விதியில் இடக்கைப் பக்கமாகப் படுக்க வேண்டும் என்பது ஒரு விதி. நம் முன்னோர் எக்காரணம் கருதி அதனைச் சொல்லியிருந்தாலும், குறட்டைக்காரருக்கு அது இன்றும் பொருந்துகிறது. உறக்கத்தில் புரண்டு மல்லாந்துவிடுகிறவர், முதுகுப் பக்கம் பையொன்று தைத்த சட்டையில் டென்னிஸ் பந்தொன்றை வைத்துக்கொள்ளலாம்; முதுகை ஒட்டி நீண்ட தலையணையைச் சார்த்தி வைப்பது அதனினும் இதமானது. தலையணைகளை அடுக்கினால் கழுத்து மடங்கித் தொண்டை மேலும் ஒடுங்கும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களையே சற்று உயர்த்துவது நல்ல முறை.

இரண்டாவது எடை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பல்லாண்டுகள் தொடர்ந்து நடந்த ஆய்வு 2000த்தில் வெளியிட்ட முடிவின்படி, எடை பத்து சதவீதம் கூடினால் மூச்சுத் தடை 32 சதவீதம் கூடுகிறது. பத்து சதவீதம் குறைந்தால் 26 சதவீதம் குறைகிறது. எண்பது கிலோ உள்ளவர் எட்டுக் கிலோ குறைப்பது எளிய காரியமன்று. ஆயினும் வேறெந்தச் சிகிச்சையும் குறட்டையோடு இனிப்புநீரையும் ரத்த அழுத்தத்தையும் ஒருங்கே தணிப்பதில்லை. இரவு பத்து மணிக்கு மேல் மாமாக் கடையில் ரொட்டி சானாயும் நாசி கண்டாரும் உண்ணும் பழக்கத்தைக் கைவிடுவதே இதற்கு நல்ல தொடக்கம். டுரியான் காலத்தில் அப்பழத்தின் 100 கிராமிலேயே ஏறத்தாழ 150 கலோரி இருப்பதை நினைவிற்கொண்டு, அதனைப் பகலில் அளவோடு உண்பது தகும். நிறைந்த வயிற்றோடு படுப்பவருக்கு அமிலம் மேலேறித் தொண்டையைப் புண்படுத்துகிறது.

மூன்றாவது மது. கள்ளும் சம்சு என்னும் சாராயமும் தோட்டப்புறத் தமிழ்க் குடும்பங்களை எவ்வாறு சீரழித்தன என்பதை நம் பெரியோர் நன்கறிவர். பெயர் மாறிப் பீராகவும் விஸ்கியாகவும் வந்தாலும் தொண்டைக்கு அது செய்யும் தீங்கு ஒன்றே. மது தொண்டைத் தசைகளை அளவுக்கு மீறித் தளர்த்துகிறது. விழித்தெழச் செய்யும் மூளையின் எச்சரிக்கையையும் மழுக்குகிறது. படுக்கைக்கு முந்திய நான்கு மணி நேரத்தில் அதனைத் தொடவே கூடாது. வைத்தியர் சொல்லாமல் தாமே வாங்கி உட்கொள்ளும் தூக்க மாத்திரைகளும் இவ்வாறே தீங்கு செய்கின்றன. புகையிலைப் புகையோ மூக்கையும் தொண்டையையும் வீங்கச் செய்கிறது.

நான்காவது மூக்கு. ஈரப்பதம் மிகுந்த பினாங்குத் தட்பவெப்பத்தில் மெத்தையிலும் இலவம்பஞ்சுத் தலையணையிலும் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிகள் பெருகி மூக்கடைப்பை விளைவிக்கின்றன; சுமத்ராவிலிருந்து வரும் புகைமூட்டம் சில ஆண்டுகளில் அதனோடு சேர்ந்துகொள்கிறது. விரிப்புகளையும் உறைகளையும் வாரந்தோறும் வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துவதும், உறங்கும் அறையில் கொசுவர்த்திக்குப் பதிலாகக் கொசுவலையைப் பயன்படுத்துவதும், சாம்பிராணிப் புகையை மாலையிலேயே காட்டி அறையைக் காற்றாட விடுவதும், கொதித்து ஆறிய நீரில் கரைத்த உப்புநீரால் மூக்கைக் கழுவுவதும் எளியவை. மருந்துக்கடையில் வாங்கும் மூக்கடைப்புச் சொட்டுமருந்தைச் சில நாட்களுக்கு மேல் தொடர்ந்தால் அடைப்பு முன்னிலும் பலமாகத் திரும்பும். நெடுநாள் அடைப்புக்கு வைத்தியர் தரும் வேறு மருந்துகள் உண்டு.

ஐந்தாவது தொண்டைக்குப் பயிற்சி. இது பலர் அறியாத, ஆனால் ஆராய்ச்சியின் ஆதரவு பெற்ற உபாயம். பிரேசில் நாட்டில் நடுத்தரச் சுவாசத் தடை உள்ளவர்களைக் கொண்டு நடந்து 2009இல் வெளியான ஆய்வில், நாக்கை அண்ணத்தில் அழுத்திப் பின்னோக்கி நகர்த்துதல், நாக்கு முழுவதையும் அண்ணத்தோடு உறிஞ்சி ஒட்டுதல், ஆ என்னும் ஒலியோடு மெல்லண்ணத்தை உயர்த்துதல் முதலிய பயிற்சிகளை நாள்தோறும் மூன்று மாதம் செய்தவர்களுக்கு மூச்சுத் தடை மணிக்குச் சராசரி 22லிருந்து 14க்கு இறங்கியது. சுவிட்சர்லாந்தில் 2006இல் வெளியான மற்றோர் ஆய்வில், ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் டிஜெரிடூ என்னும் நீண்ட ஊதுகருவியை நான்கு மாதம் பயின்றவர்களுக்குப் பகல் தூக்கமும் மூச்சுத் தடையும் குறைந்தன. இங்கிலாந்தில் எக்ஸெட்டர் நகரில் பாட்டுப் பயிற்சிகளைக் கொண்டு செய்த சோதனையும் 2013இல் நற்பயன் காட்டிற்று. தேவாரம் பாடியும் பஜனையில் கலந்தும் பழகிய நம்மவருக்கு இது பாரமான பத்தியமாகத் தோன்ற வேண்டியதில்லை. பலன் காண மாதங்கள் ஆகும். நிறுத்தினால் பலனும் நின்றுவிடும்.

ஜாதிக்காயும் சந்தைச் சரக்குகளும்

பாலிக் புலாவில் உறக்கத்தைப் பற்றிப் பேசுகிறவர் ஜாதிக்காயை விட்டுவிட முடியாது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியார் பினாங்கில் நட்டுப் பெருக்கிய அம்மரம் இன்றும் இவ்வூர்ச் சரிவுகளில் காய்த்துக் குலுங்குகிறது. வெதுவெதுப்பான பாலில் அதனைச் சிறிதளவு இழைத்துப் பருகினால் நித்திரை வரும் என்பது தமிழ் வீடுகளின் பழைய அனுபவம். சிட்டிகையளவில் கெடுதியில்லை, படுக்கைக்கு முன் மனம் அமைதியடைய அது உதவவும் கூடும். ஆனால் தொண்டையின் ஒடுக்கத்தை ஜாதிக்காய் நீக்காது. அதிகம் உண்டால் அதிகம் தூங்கலாம் என்றெண்ணித் தேக்கரண்டிக் கணக்கில் உண்பவருக்கு நெஞ்சுப் படபடப்பும் வாந்தியும் மனக்குழப்பமும் நேரும். மூக்கின் மேல் ஒட்டும் பட்டை, மூக்கடைப்பினால் வரும் குறட்டைக்கு மட்டும் சற்றுத் துணை செய்யும். மோவாயைக் கட்டும் பட்டையால் பயன் சொற்பம். வாயை நாடாவால் ஒட்டிக்கொண்டு உறங்கும் புதுப் பழக்கமோ, மூக்கடைப்பும் சுவாசத் தடையும் உள்ளவர்களுக்கு அபாயகரமானது.

வைத்தியரின் உபாயங்கள்

மூச்சுத் தடை உண்டென்ற சந்தேகம் எழுந்தால் பாலிக் புலாவ் அரசாங்க மருத்துவமனையையோ, ஒரு ரிங்கிட் கட்டணத்தில் பார்க்கும் அரசாங்க கிளினிக்கையோ முதலில் அணுகி, அங்கிருந்து கடிதம் பெற்று, ஜார்ஜ் டவுனிலுள்ள பினாங்குப் பொது மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்குச் செல்லலாம். உறக்கத்தில் சுவாசம், பிராணவாயு, இதயத்துடிப்பு முதலியவற்றைக் கருவிகளால் பதிவு செய்வதே நிச்சயமான பரிசோதனை. இப்பொழுது வீட்டிலேயே அணிந்து உறங்கத்தக்க சிறு கருவிகளும் உள்ளன.

சிகிச்சைகளுள் தலைமையானது, சிட்னி நகரின் டாக்டர் காலின் சல்லிவன் 1981இல் உலகுக்கு அறிவித்த சிபேப் கருவி. முகமூடி வழியே மெல்லிய அழுத்தத்தில் காற்றைச் செலுத்தித் தொண்டையைத் திறந்தபடியே வைத்திருக்கும் இக்கருவி, அணிந்த முதல் இரவிலேயே குறட்டையை நிறுத்திவிடுவதுண்டு. இதன் விலை சில ஆயிரம் ரிங்கிட்; பழகுவதற்குப் பொறுமையும் வேண்டும். 2,700க்கு மேற்பட்ட இதய, பக்கவாத நோயாளிகளைக் கொண்டு நடந்து 2016இல் வெளியான பெரிய ஆய்வில், இக்கருவி மாரடைப்பையும் பக்கவாதத்தையும் குறைத்ததாகக் காணப்படவில்லை. அவர்கள் சராசரியாக இரவுக்கு மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக மட்டுமே அணிந்தனர் என்பதையும் அதனோடு சேர்த்து நோக்க வேண்டும். குறட்டையும் பகல் தூக்கமும் குறைந்து மனநிலை தெளிந்ததை அதே ஆய்வு உறுதிப்படுத்தியது. வாங்கிய கருவியை அலமாரியில் வைப்பதால் பயனில்லை. முகமூடி பொருந்தாவிட்டால் மாற்றிக் கேட்டு, இரவு முழுவதும் அணியப் பழக வேண்டும்.

வெறுங்குறட்டைக்கும் லேசான, நடுத்தரத் தடைக்கும், கீழ்த்தாடையைச் சற்று முன்னே நிறுத்திவைக்கும் பல்லணி ஏற்றது. தகுதியுள்ள பல் வைத்தியர் அளவெடுத்துச் செய்ய வேண்டும். மெல்லண்ணத்தை வெட்டிக் குறைக்கும் அறுவைச் சிகிச்சை வேதனை மிகுந்தது. சில ஆண்டுகளில் குறட்டை மீள்வதும் உண்டு. ஆகவே ஆட்களைத் தேர்ந்தே அதைச் செய்கிறார்கள். உடல் எடையைக் குறைக்கும் டிர்செபடைட் என்னும் ஊசிமருந்தை, பருமனோடு கூடிய சுவாசத் தடைக்கு அமெரிக்க மருந்து நிர்வாகம் 2024 டிசம்பரில் அங்கீகரித்தது. வைத்தியரின் மேற்பார்வையின்றி அதனை நாடக் கூடாது.

நல்லுறக்கத்துக்கு வழி

குறட்டை நின்றால் மட்டும் உறக்கம் சிறந்துவிடாது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு ஏழு மணி நேரமேனும் நித்திரை தேவை; இந்நாட்டு வாழ்க்கை முறையோ அதனைப் பல வழிகளில் அரித்துவிடுகிறது. 1982 ஜனவரி முதல் தேதி மேற்கு மலேசியாவின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டதால், பினாங்கில் சூரியன் உச்சிக்கு வருவது பிற்பகல் ஒன்றேகால் மணியளவில். உதயமாவது ஏழு மணியை ஒட்டி அல்லது அதற்கும் பின்னர். கிழக்கே மலை மறைக்கும் பாலிக் புலாவில் வெயில் முகத்தில் படுவது இன்னும் தாமதம். ஆயினும் பள்ளிப் பிள்ளைகள் இருளிலேயே எழ வேண்டியிருக்கிறது. மாலையில் வெளிச்சம் நெடுநேரம் நீடிப்பதால் உறக்கம் பின்தள்ளப்படுகிறது; காலையிலோ கடிகாரம் பொறுப்பதில்லை. இரண்டுக்கும் நடுவே நசுங்குவது நித்திரையே. ஆகவே இரவு ஒன்பதரை மணிக்கு விளக்கொளியைக் குறைத்துக் கைப்பேசியை அறைக்கு வெளியே வைப்பதும், காலையில் வெயில் பட்டவுடன் சிறிது நேரம் வெளியே நிற்பதும், விடுமுறை நாளிலும் ஒரே நேரத்தில் எழுவதும் இங்கு மற்ற ஊர்களை விட அவசியமாகின்றன.

கோப்பியிலும் தே தாரிக்கிலும் உள்ள கஃபீனில் பாதி, உடலை விட்டு நீங்கச் சுமார் ஐந்து மணி நேரமாகும். ஆதலால் பிற்பகல் மூன்று மணியோடு அவற்றை நிறுத்துவது நலம். பகல் உறக்கம் கூடாது என்று தேரையர் விதித்தது நீண்ட உறக்கத்துக்குப் பொருந்தும். களைத்தவர் இருபது நிமிஷம் கண்ணயர்வதை இன்றைய வைத்தியர் தடுப்பதில்லை. மலையைக் கடந்து பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு இரவு ஷிஃப்ட் செல்கிறவர்கள், வீடு திரும்பியதும் கனத்த திரைச்சீலையால் அறையை இருளாக்கிக்கொண்டு, அந்நேரம் தங்களுக்கு நள்ளிரவு என்பதை வீட்டாரும் அண்டையாரும் மதிக்கும்படி ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். டுரியான் பருவத்தில் உதிரும் பழத்துக்காகத் தோப்பில் விழித்திருப்பவர்கள் முறை வைத்துக் காவல் இருந்தால், ஒவ்வொருவருக்கும் தொடர்ச்சியான சில மணி நேர உறக்கமேனும் கிடைக்கும். குறட்டையில்லாமலே மாதக்கணக்கில் தூக்கம் வராதவர்களுக்கு மாத்திரையை விட, படுக்கைப் பழக்கங்களையும் கவலைகளையும் முறையாகத் திருத்தும் மனோதத்துவப் பயிற்சியே முதற் சிகிச்சை என்று அமெரிக்க வைத்தியர் கல்லூரி 2016இல் அறிவுறுத்தியது.

குழந்தைகளும் ஓட்டுநர்களும்

இருவரைப் பற்றித் தனியே சொல்லாமலிருக்க இயலாது. குழந்தை வழக்கமாகக் குறட்டை விடுவது எந்த வயதிலும் இயல்பானதன்று. வாயால் மூச்சு விடுதல், படுக்கையை நனைத்தல், வகுப்பில் கவனமின்மை, அடங்காத துறுதுறுப்பு ஆகியவை அதனோடு சேர்ந்தால், டான்சிலும் அடினாய்டும் வீங்கியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். படிப்பில் மந்தம் என்று முத்திரை குத்தப்படும் பிள்ளைகளுள் சிலருக்கு நேர்ந்திருப்பது இரவில் சுவாசக் குறைவே. இரண்டாமவர் வாகன ஓட்டுநர். மலேசிய நெடுந்தூரப் பேருந்து ஓட்டுநர் 289 பேரைப் பரிசோதித்து 2010இல் வெளியான ஆய்வில் 44 சதவீதத்தினருக்குச் சுவாசத் தடை இருந்தது. துன் சார்டோன் மலைப்பாதையின் வளைவுகளிலோ, தெலுக் பகாங் பாதையின் திருப்பங்களிலோ ஓட்டுநர் ஒரு கணம் கண்ணயர்ந்தால் அவரோடு பயணம் செய்கிற அனைவரின் உயிரும் அக்கணத்தில் தொங்குகிறது. ஓட்டுநரின் குறட்டைக்குச் சிகிச்சை செய்வது சமுதாயப் பாதுகாப்பாகும்.

செய்ய வேண்டிய வரிசை இவ்வாறு தெளிவாகிறது: கேட்டு வகைப்படுத்துதல், மூச்சு நிற்பதாயின் வைத்தியரிடம் செல்லுதல், அல்லாவிடில் ஒருக்களித்துப் படுத்தல், மதுவை விடுதல், மூக்கைத் தூய்மையாக்குதல், எடையைக் குறைத்தல், தொண்டைக்குப் பயிற்சி அளித்தல், மூன்று மாதத்தில் மாற்றமில்லையேல் அப்பொழுதும் வைத்தியரையே அணுகுதல். இதனைத் தனி மனிதரின் பொறுப்பாக மட்டும் விட்டுவிடலாகாது என்பது என் கருத்து. நம் ஆலயங்களும் இளைஞர் மன்றங்களும் ரத்த அழுத்தமும் இனிப்புநீரும் பார்க்கும் முகாம்களை நடத்துகின்றன. அம்மேசையில் ஓர் அளவு நாடாவையும் எட்டுக் கேள்விகள் அச்சிட்ட ஒரு தாளையும் வைப்பதற்குச் செலவு ஒன்றும் இல்லை. கழுத்தை அளந்து, கேள்விகளைக் கேட்டு, தேவையானவர்க்கு மருத்துவமனைக்குப் போகும் வழியைக் காட்டும் தொண்டர்கள் ஒவ்வோர் ஊரிலும் இருவர் முன்வந்தால், இத்தனை காலம் நகைப்புக்கிடமாயிருந்த ஒரு வியாதி நம்மிடையே சிகிச்சைக்குரியதாக மாறும். அதனை அடுத்த முகாமிலேயே தொடங்கலாம்.